பலகைக்குப் போட்ட பூட்டு

2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ஆம் நாள் வாஷிங்டன் நகரிலிருந்து ஓர் ஆணை வெளியாயிற்று. அதை வெளியிட்டது நீதிமன்றமன்று, காவல் துறையுமன்று, ஒரு நூலகம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் பிறப்பித்த அந்த ஆணையின் பயன் இதுதான்: ஒருவர் தம் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியின் மென்பொருட் பூட்டைத் தாமே திறந்து, முறையாகப் பெற்ற செயலிகளை அதில் இட்டுக்கொள்ளலாம்; சட்டம் குறுக்கே வாராது. அதே மனிதர் தம் தோள்பையில் வைத்திருக்கும் பலகைக் கணினியின் பூட்டைத் திறந்தாலோ, அதற்கு அந்த விலக்கு இல்லை. இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி, இரண்டிலும் ஓடுவது ஒரே இயங்குதளம், பூட்டும் ஒன்றே. ஒன்று உள்ளங்கையில் அடங்கும், மற்றொன்று அடங்காது. வேறுபாடு அவ்வளவே.

கடைகளில் டேப்லெட் என்ற பெயரில் விற்கும் கருவியைத்தான் பலகைக் கணினி என்று சொல்லுகிறேன். நான் பள்ளி சென்ற காலத்தில் பலகை என்றால் சிலேட்டுப் பலகை. அதற்குப் பூட்டு என்ற ஒன்று இருக்கக் கூடும் என்று நாங்கள் கனவிலும் எண்ணியதில்லை. எச்சில் தொட்டு அழித்துவிட்டு எதையும் எழுதலாம். இன்றைய பலகையில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதைச் செய்தவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து, அந்த முடிவைப் பூட்டாக்கி உள்ளே வைத்து விற்கிறார்கள். இந்தப் பூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

முதலில், ஒரு நூலகத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் பதிப்புரிமை அலுவலகம் காங்கிரஸ் நூலகத்தின் ஓர் உறுப்பு. 1998ஆம் ஆண்டு அந்நாட்டில் எண்முறைப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. திரைப்படங்களையும் பாடல்களையும் காசு கொடாமல் படி எடுப்பவர்களைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். அதற்காக, பதிப்புரிமை பெற்ற ஒரு படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதே தவறு என்று 1201ஆம் பிரிவு விதித்தது. இலாப நோக்கோடு வேண்டுமென்றே மீறுவோருக்கு முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும், 5 இலட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. சட்டம் இயற்றியவர்களின் மனத்தில் இருந்தது சினிமாத் தகடு. ஆனால், மென்பொருளும் பதிப்புரிமை பெற்ற படைப்பன்றோ? ஆகவே மென்பொருளுக்குப் போட்ட பூட்டும் அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வந்துவிட்டது. நியாயமான பயன் எங்கேனும் தடைப்படுமாயின் அதற்கு விலக்கு அளிக்கும் பொறுப்பு நூலகத் தலைவருக்குத் தரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மனுக்களைக் கேட்டு அவர் ஆணையிட வேண்டும். நூல்களைக் காக்க வந்தவர் பூட்டுக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவரானது இப்படித்தான்.

காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவன் விருப்பம்போல் மாற்றலாமா என்ற கேள்வி கணினியோடு பிறந்ததன்று. அதே அமெரிக்காவில் தொலைபேசி முழுவதும் பெல் கம்பெனியாரின் ஆட்சியில் இருந்த காலம் ஒன்று உண்டு. கம்பெனி கொடுத்த கருவியைத் தவிர வேறு எதையும் தொலைபேசியோடு சேர்க்கலாகாது என்பது அவர்கள் விதி. ஹஷ்-எ-ஃபோன் என்று ஒரு பொருள் விற்பனைக்கு வந்தது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. பேசும் வாய்ப்புறத்தில் மாட்டிக்கொள்ளும் வெறும் கிண்ணம். பக்கத்தில் இருப்பவர் காதில் பேச்சு விழாமல் தடுக்கும். அதைக்கூடப் பெல் கம்பெனியார் பொறுக்கவில்லை. தொலைபேசியின் தரம் கெடும் என்று வழக்காடினார்கள். அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையமும் 1955இல் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒருவன் தன் உள்ளங்கையைக் குவித்து வாயருகில் வைத்துக்கொண்டு பேசலாமென்றால், கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஏன் பேசலாகாது என்பதுதான் நீதிமன்றத்தின் வாதம். பிறகு 1968இல் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியைப் பற்றிய தீர்ப்பு வந்து, கம்பெனி தாராத கருவிகளையும் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கலாம் என்று வழி திறந்தது. வீடுகளில் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்த்த மோடம் என்னும் கருவி பரவியது அந்தத் தீர்ப்பு திறந்த வழியில்தான்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பூட்டுத் திறப்பதை ஆண்ட்ராய்டு உலகில் ரூட் செய்தல் என்பார்கள். ரூட் என்றால் வேர். கணினியில் எல்லா அதிகாரமும் உடைய பயனருக்கு அந்தப் பெயரை வைத்தது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். அது 1969இல் உருவாகத் தொடங்கிய இடம், கிண்ணத்தைப் பொறுக்காத அதே பெல் கம்பெனியாரின் ஆராய்ச்சிக் கூடம். ஆப்பிள் கருவிகளில் இச்செயலுக்கு ஜெயில்பிரேக், அதாவது சிறையுடைப்பு என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ கொள்ளைக் கூட்டத்தார் செயல்போல் ஒலிக்கிறது. உண்மையில், தனக்கு ஒதுக்கிய சிறு அறையைத் தாண்டி எந்தச் செயலியும் கை நீட்டாதபடி இயங்குதளம் கட்டி வைத்திருக்கும் சுவருக்குத்தான் கணினிக்காரர்கள் சிறை என்று பெயரிட்டார்கள். அந்தச் சுவரைத் தாண்டுவது சிறையுடைப்பு.

பூட்டு எப்படி வேலை செய்கிறது? ஒரு கோட்டைக்கு ஏழு வாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாயிற்காவலனைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவனை மாற்ற முடியாது. கருவிக்கு மின்சாரம் வந்தவுடன் அவன் விழிக்கிறான். இரண்டாம் வாயிலின் காவலனை உள்ளே விடுமுன் அவனிடம் கம்பெனியின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறான். இரண்டாமவன் மூன்றாமவனைச் சோதிக்கிறான். இப்படியே இயங்குதளம் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு செயலி வரையிலும் சோதனை தொடர்கிறது. முத்திரை என்றது கணித முறையில் இட்ட கையெழுத்தை. அதை இடும் இரகசியத் திறவு கம்பெனியாரிடம் மட்டுமே உண்டு; சரிபார்க்கும் திறவு கருவிக்குள் இருக்கிறது. சரிபார்க்கத் தெரிந்தவனால் கையெழுத்தைப் போலியாக இட முடியாது என்பதே இந்தக் கணிதத்தின் சிறப்பு. ஆகவே பூட்டுத் திறப்போர் முத்திரையைக் கள்ளத்தனமாகச் செய்ய முயல்வதில்லை. காவலர்களுள் எவனாவது கண்ணயர்கிறானா என்று பார்க்கிறார்கள். நிரலை எழுதியவர் எங்கேனும் ஒரு வரியில் அளவு பார்க்க மறந்திருப்பார். அந்த மறதிதான் அவர்களுக்கு வாயில்.

சில சமயம் மறதி மிகப் பெரிதாகவும் இருந்துவிடும். 2008ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியில் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். விசைப்பலகையில் எதை அடித்தாலும் அது திரையில் தோன்றுவதோடு நில்லாமல், திரைமறைவில் எல்லா அதிகாரமும் உடைய ரூட் பயனரின் கட்டளையாகவும் சென்றுகொண்டிருந்தது. ஒருவர் தம் தோழிக்கு, ஏன் உடனே விடை எழுதவில்லை என்பதற்குக் காரணமாக, கருவியை அணைத்துத் தொடங்கினேன் என்னும் பொருளில் ரீபூட் என்ற ஒரு சொல்லை அடித்தார். கருவி உடனே அணைந்து மறுபடியும் தொடங்கியது! பூட்டைத் திறக்க அங்கே எந்த வித்தையும் தேவைப்படவில்லை. கட்டளையை எழுதினால் போதும். கூகிள் கம்பெனியார் விரைந்து அதைத் திருத்தினார்கள்.

பலகைக் கணினியின் கதை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் சூடு பிடித்தது. அன்றுதான் ஐபேட் விற்பனைக்கு வந்தது. ஒரு நாளைக்குள் அதன் பூட்டைத் திறந்து காட்டும் படம் இணையத்தில் வெளியாயிற்று. யாவரும் பயன்படுத்தத்தக்க மென்பொருள் மே மாதத்தில் வந்தது. ஏன் இவ்வளவு அவசரம்? பாட்டுக் கேட்டுக்கொண்டே கடிதம் எழுத வேண்டுமென்றால், அந்தப் பாட்டு ஆப்பிள் கம்பெனியின் சொந்தச் செயலியிலிருந்து வர வேண்டும். பிறர் செய்த செயலி என்றால், அதைவிட்டு வெளியே வந்தவுடன் அது நின்றுவிடும். 2010 நவம்பர் மாதத்துப் புதுப்பிப்பில்தான் ஆப்பிள் அந்த வசதியைத் தந்தது. பூட்டைத் திறந்தவர்கள் பல மாதம் முன்னதாகவே அதைப் பெற்றிருந்தார்கள். பிறர் செய்த விசைப்பலகையை இட்டுக்கொள்ளும் உரிமையைப் பொதுமக்கள் பெற 2014 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று எல்லாரும் இயல்பாகக் கருதும் வசதிகளுள் பல, முதலில் பூட்டை உடைத்தவர்களின் கைவேலையாகத்தான் தோன்றின. நான் மிகைப்படுத்தவில்லை. அறிவிப்புக்களைத் திரையில் காட்டும் ஒரு முறையைத் திறந்த கருவிகளுக்காக எழுதிய இளைஞர் ஒருவரை ஆப்பிள் கம்பெனியே 2011இல் வேலைக்கு அமர்த்திக்கொண்டது.

இந்தக் கூட்டத்தாருள் என் நினைவில் நிலைத்து நிற்பவர் காமெக்ஸ் என்ற புனைபெயருடைய நிக்கொலஸ் அலெக்ரா. 2010 ஆகஸ்டு மாதம் அவர் ஓர் இணையப் பக்கத்தை வெளியிட்டார். கருவியிலிருந்தே அந்தப் பக்கத்துக்குச் சென்று விரலை ஒரு முறை நகர்த்தினால் போதும், பூட்டுத் திறந்துவிடும். எப்படி? அந்தப் பக்கம் பிடிஎஃப் வகைக் கோப்பு ஒன்றைக் கருவிக்கு அனுப்பும். அந்தக் கோப்புக்குள் ஓர் எழுத்துரு இருக்கும். எழுத்துரு என்பது வெறும் படமன்று. இங்கே தொடங்கு, இவ்வளவு வளை, அங்கே முடி என்று கணினிக்குச் சொல்லும் சிறு கட்டளைகளின் தொகுதி. அவற்றைப் படிக்கும் நிரல், தனக்கென ஒதுக்கிய இடத்தின் எல்லையை ஓரிடத்தில் சரிபார்க்கவில்லை. அந்த எல்லைக்கு அப்பால் எழுதி, எழுத்தை வரைய வந்த கட்டளை கருவியையே ஆளும் கட்டளையாயிற்று. ஓர் எழுத்தின் வளைவுக்குள் ஒரு திறவுகோலை ஒளித்து வைத்தாற்போல!

வியப்பு ஒருபுறமிருக்க, இதில் அச்சமும் உண்டு என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. நன்மை கருதிய ஒருவர் இணையப் பக்கத்தால் கருவியைத் திறக்கலாமென்றால், தீமை கருதிய ஒருவரும் அதே வழியாக நுழையலாமன்றோ? ஜெர்மனி நாட்டின் தகவல் பாதுகாப்புத் துறை அப்பொழுதே எச்சரிக்கை விடுத்தது. பத்து நாளில் ஆப்பிள் கம்பெனி ஓட்டையை அடைத்தது. மறு ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அலெக்ரா ஐபேட் 2க்கும் வழி கண்டார். அந்தக் கருவிக்குப் பொதுவில் வந்த முதல் திறப்பு அதுவே. அந்த முறை அவர் திறப்போடு நில்லாமல், தாம் நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தார். ஆப்பிளின் திருத்தம் ஜூலை 15இல்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்பது நாள், பூட்டை உடைத்து அவர் தந்த அடைப்பையும் இட்டுக்கொண்டவர்களின் கருவிகள் அந்த ஓட்டையைப் பொறுத்தவரை காப்பாக இருந்தன. கம்பெனி சொன்னபடி பூட்டை மதித்தவர்களின் கருவிகளோ திறந்து கிடந்தன. அப்பொழுது அலெக்ராவுக்கு வயது 19. அதே ஆகஸ்டில், ஆப்பிள் கம்பெனியில் பயிற்சியாளராகச் சேரப் போவதாக அவரே அறிவித்தார்.

இனி நூலகத்துக்குத் திரும்புவோம். 2010ஆம் ஆண்டு ஜூலை மாதமே கைப்பேசிகளுக்கு முதல் விலக்குக் கிடைத்துவிட்டது. எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் பவுண்டேஷன் என்ற சங்கத்தார் அதைக் கேட்டு வாதாடினார்கள். ஆப்பிள் எதிர்த்தது. திறந்த கருவியைக் கொண்டு தீயோர் கைப்பேசிக் கோபுரங்களையே செயலிழக்கச் செய்யக் கூடும் என்றெல்லாம் அந்தக் கம்பெனி தன் மனுவில் கூறியது. பதிப்புரிமைப் பதிவாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கருவியில் உள்ள மென்பொருள் 80 இலட்சம் பைட்டுகளுக்கு மேல். பூட்டைத் திறக்க மாற்றப்படுவது 50 பைட்டுகளுக்கும் குறைவு. ஒரு பெரும் புராணத்தில் ஓர் எழுத்தைத் திருத்துவது போன்றது அது. தான் வாங்கிய கருவியில் தான் விரும்பிய செயலியை ஓட்டுவதற்காக ஒருவன் இவ்வளவு மாற்றம் செய்வது நியாயமான பயன் என்று அவர் முடிவு கூறினார். அவருடைய அறிக்கை முழுவதிலும் எனக்குப் பிடித்தது இந்தப் பைட்டுக் கணக்குத்தான். சட்டம் படித்தவர்கள் சொற்களோடு நின்றுவிடாமல் எண்ணியும் பார்க்கும்போது வழக்கு எவ்வளவு தெளிவாகிவிடுகிறது!

2012இல் சங்கத்தார் பலகைக் கணினிக்கும் அதே விலக்கைக் கேட்டார்கள். அதே இயங்குதளம், அதே வாதம்; கிடைத்துவிடும் என்றே எதிர்பார்த்தார்கள். நூலகத்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: டேப்லெட் என்றால் என்ன? மின்னூல் படிக்கும் கருவி டேப்லெட்டா? கையில் பிடித்து விளையாடும் கருவி டேப்லெட்டா? மடிக்கணினியைக்கூட அப்படிச் சொல்ல முடியுமே! எல்லை வகுக்க முடியாத ஒன்றுக்கு விலக்கு அளிக்க இயலாது என்று மனுவைத் தள்ளினார்கள். இங்கே நூலகத்தாரை ஏளனம் செய்வது எளிது. அக்காலத்துச் செய்தி எழுதியோர் பலரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. சட்டம் பெயர்களால் ஆனது. பெயர் நழுவினால் சட்டமும் நழுவும். ஆனால் அதே காலத்தில் ஐந்தே கால் அங்குலத் திரையுடைய கைப்பேசிகள் கடைக்கு வந்திருந்தன. கைப்பேசி எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று எவராலும் சொல்ல முடியாத வேளையில், கைப்பேசி என்ற சொல்லை மட்டும் தெளிவானது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு விளங்காத புதிர்.

இந்த வாதங்கள் எல்லாம் மேல்தளத்தில் நடந்தவை. கீழே மனிதர்கள் தம் பலகைகளைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். பார்ன்ஸ் அண்டு நோபிள் என்னும் புத்தகக் கடைக்காரர்கள் 2010 நவம்பரில் நூக் கலர் என்ற மின்னூற் கருவியை 249 டாலருக்கு விற்றார்கள்; அப்பொழுது மலிவான ஐபேடின் விலை 499 டாலர். அந்த நூக் கருவியில் ஒரு நல்ல குணம் இருந்தது. சிறு நினைவட்டை ஒன்றைச் செருகினால், உள்ளே இருப்பதை விட்டுவிட்டு முதலில் அந்த அட்டையிலிருந்தே தொடங்கும். அட்டையில் வேறோர் ஆண்ட்ராய்டை இட்டு வைத்தால் புத்தகக் கருவி முழுப் பலகைக் கணினி ஆகிவிடும். அட்டையை எடுத்துவிட்டால் பழையபடி புத்தகம். பாதி விலையில் முழுக் கணினி கிடைக்கிறதென்றால் மாணவர்கள் விடுவார்களா?

அதைவிடச் சுவையானது எச்பி கம்பெனியின் டச்பேட். 2011 ஜூலை முதல் நாள் 499 டாலர் விலையில் வந்தது, விற்கவில்லை. ஏழே வாரத்தில், ஆகஸ்டு 18ஆம் நாள், இனி அதைச் செய்யப் போவதில்லை என்று கம்பெனியார் அறிவித்து, கையிருப்பை 99 டாலருக்குத் தள்ளினார்கள். அதன் இயங்குதளத்துக்கு இனி எவரும் செயலி எழுதப் போவதில்லை என்பது தெரிந்தும் மக்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரிலேயே சயனோஜென்மாட் என்ற தன்னார்வக் குழுவினர் அதில் ஆண்ட்ராய்டை ஓட்டிக் காட்டினார்கள். அனாதையாகக் கைவிடப்பட்ட கருவி பல ஆண்டு வாழ்ந்தது. பூட்டுத் திறப்பு என்றாலே திருட்டு என்று எண்ணுவோருக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

எனக்கும் இதில் ஒரு சிறு அனுபவம் உண்டு. அந்நாட்களில் ஏழு அங்குலத் திரையுடைய மலிவான ஆண்ட்ராய்டுப் பலகை ஒன்றை வாங்கினேன். பழைய தமிழ் நூல்களை இணையத்திலிருந்து படிக்க வேண்டுமென்பது ஆசை. திறந்து பார்த்தால் பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாக வரிசை நின்றது. ஓர் எழுத்தும் இல்லை. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்துருவை நாமே இட்டுக்கொள்ளலாம் என்றால், அது போய்ச் சேர வேண்டிய கோப்பறை பூட்டிய பகுதியில் இருந்தது. ஆகக் கூடி, என் மொழியை என் பலகையில் படிக்க நான் பூட்டை உடைக்க வேண்டும்! எங்கள் தெருவில் பொறியியற் கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். “ஐயா, கொடுங்கள், பார்க்கிறேன்” என்று வாங்கிச் சென்றார். முதல் முயற்சியில் கருவி தொடக்கச் சின்னத்தோடு நின்றுவிட்டது. இப்படி நின்றுபோன கருவியைச் செங்கல் என்று கேலியாகச் சொல்வார்களாம். இரண்டு நாள் அது செங்கலாகவே கிடந்தது. மூன்றாம் நாள் உயிர் பெற்று வந்தது.

தமிழ் தெரிந்தது, ஆனால் என்ன தமிழ்! ‘பெயர்’ என்பது ‘பயெர்’ என்றிருந்தது. ‘மேகம்’ ‘மகேம்’ ஆயிற்று. காரணம் இது: யூனிகோடு முறையில் மெய்யெழுத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்பொழுது கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது இயங்குதளத்தின் கடமை. அந்தக் கருவியில் இருந்த பழைய ஆண்ட்ராய்டுக்கு அந்தக் கடமை தெரியாது. எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை; எழுத்தைக் கோக்கும் நிரலையே மாற்ற வேண்டும். அதுவும் பூட்டுக்குள்தான் இருந்தது. சில மாதங்களுக்குப் பின் அந்த மாணவர் வேறோர் இயங்குதளத்தையே இட்டுத் தந்தபோது கொம்புகள் தத்தம் இடத்துக்கு வந்தன. பின்வந்த ஆண்ட்ராய்டுகளில் தமிழ் இயல்பாகவே இடம்பெற்றது. இன்றைய மாணவர்களுக்கு இந்தக் கதை நம்பத் தகாததாகவும் தோன்றலாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த மாணவர் அப்பொழுது என்னைக் கேட்டார். விடை 2012இல் வந்தது. அவ்வாண்டு திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. எண்ணத்தைப் பார்க்கும் சட்டம் அது. பூட்டை மட்டும் பார்க்கும் அமெரிக்கச் சட்டத்தைவிட இது எனக்கு அறிவுடையதாகத் தோன்றுகிறது.

மாணவர்களைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லாமல் விட மனமில்லை. 2012 அக்டோபரில் நிக்கொலஸ் நெக்ரபான்ட்டி என்னும் அறிஞர் ஒரு மாநாட்டில், எத்தியோப்பியாவின் இரண்டு சிற்றூர்களில் தாம் செய்த சோதனையைக் கூறினார். பள்ளியே இல்லாத ஊர்கள். எழுத்தையே காணாத சிறுவர்கள். மூடிய பெட்டிகளில் பலகைக் கணினிகளை வைத்துவிட்டு, விளக்கம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்களாம். ஐந்து மாதத்துக்குள் அந்தக் குழந்தைகள், அணைத்து வைத்திருந்த படக்கருவியை இயங்கச் செய்துவிட்டார்கள். மாற்ற முடியாதபடி உறைய வைத்திருந்த முகப்புத் திரையை ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள். சோதனை செய்தவர்களே சொல்லும் கதை இது. சற்றுத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆயினும் முகப்பை ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள் என்ற அந்தச் செய்தியை நான் நம்புகிறேன். குழந்தைகளை அறிந்தவர் எவரும் நம்புவர்.

மற்றொன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் செய்தி. 2013இல் அந்நகரப் பள்ளி நிர்வாகம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபேட் தரும் மாபெரும் திட்டத்தைத் தொடங்கியது. பாடத்தோடு சேர்ந்து ஒரு கருவியின் விலை 678 டாலர். கண்ட இணையப் பக்கங்களுக்கும் போகாதபடி கட்டுப்பாடு போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்த சில நாட்களுக்குள் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியிலும் வேறு இரண்டு பள்ளிகளிலுமாகச் சுமார் 300 மாணவர்கள் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். இதற்கு அலெக்ராவின் வித்தை தேவைப்படவில்லை. பள்ளி இட்ட கட்டுப்பாட்டுக் குறிப்பு, அமைப்புப் பக்கத்திலேயே அழிக்கத்தக்கதாக இருந்தது, அழித்தார்கள். நிர்வாகத்தார் திகைத்துப்போய், கருவியை வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது என்று தடுத்தார்கள். மறு ஆண்டு அந்த ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது; அதற்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு. அங்கே கருவி மாணவருடையதன்று, பள்ளியுடையது. ஆகையால் பூட்டும் பள்ளியின் உரிமையே என்பதை ஒப்புகிறேன். எனினும் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் பாட்டுக் கேட்க உதவாத ஒரு கணினியைப் பதினாறு வயதுப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அவன் அதை அப்படியே வைத்திருப்பான் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தார்களே, அதை எண்ணித்தான் சிரிப்பு வருகிறது.

2015 அக்டோபரில் பலகைக்கு விலக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டு முன்பு விடை தெரியாத கேள்விக்கு நூலகத்தார் தாங்களே ஒரு விடை கண்டார்கள். கைப்பேசி, டேப்லெட் என்று பெயர்களை வைத்து எல்லை கட்டாமல், எடுத்துச் செல்லத்தக்க, பலவகை நிரல்களையும் ஓட்டுவதற்கென்று செய்த பொதுப்பயன் கருவி என்று குணத்தை வைத்து வகுத்தார்கள். குறிப்பிட்ட ஒரு வகைப் பண்டத்தை நுகர்வதற்கென்றே செய்த கருவிக்கு விலக்கு இல்லை. ஆதலால் மின்னூல் படிப்பதற்கென்றே செய்த கருவி வெளியே நின்றுவிட்டது. புத்தகங்களின் காவலர்களாகிய நூலகத்தார் புத்தகக் கருவியின் பூட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்!

இன்னொரு குறையும் உண்டு. பூட்டைத் திறக்கும் செயலுக்குத்தான் நூலகத் தலைவரால் விலக்குத் தர முடியும். திறக்கும் கருவியைச் செய்து பிறருக்கு வழங்குவதற்கு விலக்குத் தர சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. உன் வீட்டுக் கதவை நீ திறந்துகொள்ளலாம், கொல்லனிடம் போகலாமா என்பதைப் பற்றி மட்டும் கேளாதே என்பது போன்ற நிலை அது. கிடைத்த விலக்கும் நிலையானதன்று. மூன்று ஆண்டில் காலாவதியாகும். 2018இல் புதுப்பித்தார்கள், வீட்டில் பேச்சுக் கேட்டு வேலை செய்யும் கருவிகளையும் சேர்த்தார்கள். 2021இல் திசைவிகள் சேர்ந்தன. 2024இல் மறுபடியும் அதே நூலகத்தின் வாயிலில் நின்று புதுப்பித்துக்கொண்டார்கள். அடுத்த தவணை 2027.